அந்தப் பேரில் யாருமில்லை

இரத்தினம்மா தன் மகளுக்குக் குப்பச்சி என்று பேர் வைத்ததை யாரும் குறை சொல்ல வேண்டாம். நல்ல பேர் வைத்துப் பார்த்து அலுத்தவள் அவள். தலைப்பிள்ளைக்குச் சாமி பேர் வைத்தாள், அடுத்ததுக்குப் புருசனின் தகப்பன் பேர், மூன்றாவதுக்கு ரேடியோவில் கேட்டு ஆசைப்பட்ட ஒரு பேர். மூன்றில் ஒன்றுகூட முப்பத்தோராம் நாளைக் காணவில்லை. பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழிக்க முதலே மூன்றும் போய்ச் சேர்ந்தன.

நாலாவது வயிற்றில் இருக்கும்போதே மாங்கேணி ஊர்ப் பெண்கள் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள். பிள்ளை பிறந்ததும் குளிப்பாட்டிச் சுளகில் கிடத்தி, வளவின் பின்பக்கம் சாம்பலும் மீன்செதிலும் கொட்டுகிற குப்பைமேட்டில் கொண்டுபோய் வைத்தார்கள். அடுத்த வளவு ஆச்சிப்பிள்ளை ஒன்றும் அறியாதவளாக அந்தப் பக்கம் வந்தாள். "இதென்ன கா, ஆரோ ஒரு குப்பையக் கொண்டுவந்து போட்டுட்டுப் போயிட்டாங்க" என்று நாலு வளவுக்குக் கேட்கச் சொல்லிவிட்டுச் சுளகோடு தூக்கிக்கொண்டு போனாள். பிறகு இரத்தினம்மா அவளுடைய வாசலுக்குப் போய், ஒரு பிடி தவிட்டைக் கொடுத்து அந்தக் குப்பையை விலைக்கு வாங்கி வந்தாள். பெற்ற பிள்ளை இல்லை, குப்பையில் கிடந்தது, பேரும் குப்பச்சி. பிள்ளை தேடி வருகிறவன் இதைப் பார்த்தால் முகத்தைச் சுளித்துக்கொண்டு போய்விடுவான். பச்சைப்பிள்ளையை வைத்து எமனை ஏய்க்கிற இந்த வேலையை அவர்களுக்கு முன்னால் எத்தனையோ பேர் செய்திருந்தார்கள்.

பிள்ளை பிழைத்தது. சண்டைக்குள் பிழைத்தது, காட்டுக்குள் இடம்பெயர்ந்து கிடந்த காலத்தில் வாந்திபேதிக்குப் பிழைத்தது, கடல் ஊருக்குள் ஏறி வந்த காலையில் ஒரு பனையைக் கட்டிக்கொண்டு பிழைத்தது. ஒவ்வொரு முறையும் இரத்தினம்மா மகளின் தலையைத் தடவி, "பேர் காப்பாத்திப்போட்டுது" என்றாள். தகப்பன் கனகசூரியம் கடலுக்குப் போன இடத்தில் நெஞ்சு நோவென்று சரிந்தபோதும் அவள் அதைத்தான் சொன்னாள். நல்ல பேர்க்காரன், அதுதான் எமன் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் போட்டான் என்றாள்.

தாய்க்கு அது கவசம். மகளுக்கு அது என்ன என்று அறிய விரும்புகிறவர்கள் அந்தப் பேரோடு ஒரேயொரு நாள் பள்ளிக்கூடம் போய் வரட்டும். வரவு இடாப்பில் பேர் கூப்பிடும்போது வகுப்பே காத்திருக்கும். அவள் நடந்து வந்தால் பெடியன்கள் மூக்கைப் பொத்துவார்கள். கம்பஸில் படித்தபோது கூட்டாளிமார் குப்பி என்று சுருக்கினார்கள், அதில் அன்பு இருந்தது, ஆனாலும் மண்ணெண்ணெய் விளக்கின் பேர்தானே அது. கலியாணம் பேசி வந்த சுபாகரன் நல்ல மனிசன், பேரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவனுடைய வீட்டார்தான் அழைப்பிதழ் அடிக்கும்போது கூசிப்போய், மாப்பிள்ளையின் பேரைப் பெரிதாகப் போட்டுப் பெண்ணுக்குத் 'திருநிறைச்செல்வி' என்று மட்டும் போட்டு விட்டுவிட்டார்கள். திருநிறைச்செல்வி யார் என்று மண்டபத்தில் இரண்டு பேர் கேட்டுச் சிரித்ததை அவள் மணவறையில் இருந்தபடியே கேட்டாள்.

ஆசிரிய நியமனம் கிடைத்து முதல் நாள் காலைக் கூட்டத்தில், அதிபர் புது ரீச்சரின் பேரை வாசிக்கப் போய் ஒரு கணம் தொண்டையைச் செருமினார். பின்வரிசையில் தொடங்கிய சிரிப்பு முன்வரிசைக்கு வந்து சேர்ந்தது. பின்னேரம் கல்லடியில் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டுக்கு வந்து, சாப்பிடாமல் படுத்துவிட்டு, அடுத்த சனிக்கிழமை மாங்கேணிக்கு பஸ் ஏறினாள்.

இரத்தினம்மா அடுப்படியில் கச்சான் கடலை வறுத்துக்கொண்டிருந்தாள். மகளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்த வீடு அது. மருமகன் அங்கே வந்து இருப்பதுதான் முறை. வேலை காரணமாக மகளும் மருமகனும் கல்லடியில் இருக்க, தாய்தான் மகளின் வீட்டுக்குக் காவல் இருந்தாள்.

"அம்மா, பேர மாத்தப் போறன்."

"எந்தப் பேர?"

"என்ட பேரத்தான்."

"ஏன், அதுக்கு என்ன கேடு?"

"பிள்ளையள் சிரிக்குது. நான் எப்பிடிப் படிப்பிக்கிற?"

"சிரிச்சிட்டுப் போகட்டும் மனே. சிரிச்சா ஒண்டும் குறையாது. அந்தப் பேருக்குப் பின்னால ஒளிச்சுத்தான் நீ இவ்வளவு காலமும் உசிரோட இரிக்கிறாய்."

"நான் விஞ்ஞானம் படிச்சவள் அம்மா."

"நீ படிச்சாய்," என்றாள் இரத்தினம்மா, சட்டியை இறக்கி வைத்தபடி. "அவன் படிக்கல்லயே."

மகள் அழுதாள். அழுதால் தாய் இறங்குவாள் என்று அவளுக்குத் தெரியும். தனக்குப் பிரஷாந்தி என்று பேர் தெரிவுசெய்து வைத்திருப்பதாகவும், தாயும் ஒரு சத்தியக் கடதாசி கொடுத்தால் காரியம் லேசாகும் என்று பிரதேச செயலகக் கந்தோரில் சொன்னார்கள் என்றும் சொன்னாள். அடுத்த கிழமை இரத்தினம்மா, மகளின் கலியாணத்துக்கு உடுத்த பச்சைச் சேலையை உடுத்திக்கொண்டு வாகரையில் சமாதான நீதவான் வீட்டுக்கு வந்தாள். குப்பச்சி என்பவளும் பிரஷாந்தி என்பவளும் தன் வயிற்றில் பிறந்த ஒரே ஆள்தான் என்று எழுதியிருந்ததற்குக் கீழே, எழுத்துக்கூட்டிக் கையெழுத்து வைத்தாள். வெளியே வந்ததும் மகளின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

"உனக்காக வெச்சிட்டன். மறுகா என்ட வாயில அந்தப் புதுப் பேர் வராது. ஒரு நாளும் கேக்காத."

ஒரு பேரைப் பிறப்பிப்பது லேசு, சுளகும் தவிடும் இருந்தால் போதும். சாகடிப்பதற்குத்தான் கந்தோர் கந்தோராக ஏற வேண்டும். கிராம சேவகர் கடிதம் தந்தார், பிரதேச செயலகத்தில் அந்தக் கடிதத்தில் திகதி பிழை என்றார்கள். பிறப்புச் சான்றிதழ் மாறி வந்தால்தான் அடையாள அட்டை, அடையாள அட்டை வந்தால்தான் வங்கிப் புத்தகம், இவை எல்லாவற்றையும் காட்டினால்தான் கல்வித் திணைக்களம் கோப்பைத் திறக்கும். பரீட்சைச் சான்றிதழ்களுக்கென்று கொழும்புக்கு இரவு பஸ்ஸில் போய் வந்தாள். போன இடமெல்லாம் ஒரே கேள்வி. குப்பச்சி யார்? நான்தான். பிரஷாந்தி யார்? அதுவும் நான்தான். சத்தியம் செய்து செய்து அவளுக்கு நாக்குத் தழும்பேறிப் போயிற்று.

கடைசியில் புது அட்டை வந்தது. புதுப் பேர் வந்த கையோடு இடமாற்றமும் கேட்டு வாங்கி, பழைய பேர் தெரியாத வேறொரு பள்ளிக்கூடத்துக்குப் போனாள். "பிரஷாந்தி ரீச்சர்" என்று பிள்ளைகள் கூப்பிட்டபோது, கூப்பிடுவது தன்னைத்தான் என்று விளங்க அவளுக்குக் கொஞ்ச நாள் எடுத்தது. பிறகு பழகிவிட்டது. முதுகு நிமிர்ந்தது, பாடம் நடத்தும்போது குரலும் உயர்ந்தது. அந்தச் சந்தோசம் பொய்யில்லை, அதை யாரும் அவளிடமிருந்து பறிக்க முடியாது.

ஒரேயொரு குறைதான். பெற்றவள் ஒரு முறை அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று அவளுக்கு ஆசையாக இருந்தது. இரத்தினம்மாவோ மகளைக் கூப்பிடுவதையே விட்டுவிட்டாள். பழைய பேரும் இல்லை, புதுப் பேரும் இல்லை. "மனே" என்பதுகூட நின்றுவிட்டது. போனில், "ஆ, சொல்லுங்க" என்பாள், கடைக்காரனிடம் பேசுவதுபோல். கோயில் திருவிழாவில் யாரோ இது உன் மகள்தானே என்று கேட்டதற்கு, "கல்லடியில இரிக்கிற ஒரு ரீச்சர்" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக் கற்பூரம் கொளுத்தினாள். பிரஷாந்தி பக்கத்தில்தான் நின்றாள்.

"அம்மாவுக்கு இவ்வளவு வீம்பா?" என்று அன்றைக்கு வீட்டில் சுபாகரனிடம் கத்தினாள்.

"வயசு போன மனிசி. விடு," என்றான் அவன்.

அவள் விடவில்லை. நீ என்னை மகளென்று சொல்லக் கூசினால் நான் மட்டும் ஏன் விழுந்து விழுந்து போன் எடுக்க வேண்டும் என்று தாயின் அழைப்பு வந்தால் எடுக்காமல் விட்டாள். மணி அடித்து ஓயும்வரை போனைப் பார்த்துக்கொண்டு இருப்பாள்.

அப்படிப் போய்க்கொண்டிருந்த ஒரு நாள்தான் அது. இடைவேளை நேரம். ஆசிரியர் அறையில் எல்லோரும் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். வாச்சர் நல்லரத்தினம் வாசலில் வந்து நின்று தலையைச் சொறிந்தார்.

"ரீச்சர்மார், இஞ்ச குப்பச்சி எண்டு ஆரும் இரிக்கிறீங்களா? கேற்றில ஒரு அம்மா வந்து கேட்டுக்கொண்டு நிக்கிறா."

அறை முழுக்கச் சிரிப்பு. "நல்லரத்தினம், அந்தக் குப்பை லொறிக்காரங்களத் தேடி வந்திருப்பா," என்றார் ஆசிரியர் ஒருவர். பிரஷாந்தி சன்னலோரம் இருந்தாள். பார்க்காமலே அவளுக்குத் தெரிந்துவிட்டது. பார்த்தாள். கேற்றுக்கு வெளியே பச்சைச் சேலை, கையில் ஒரு துணிப் பை, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்தைப் பார்த்தபடி இரத்தினம்மா நின்றாள்.

"பிரஷாந்தி ரீச்சர், உங்கட பக்கத்துப் பேர் மாதிரி இரிக்கி. உங்களுக்குத் தெரிஞ்ச ஆரும்?" என்று பக்கத்தில் இருந்த றுக்ஷானா ரீச்சர் சாதாரணமாகத்தான் கேட்டாள்.

எத்தனை கந்தோரில், எத்தனை அதிகாரிக்கு முன்னால், குப்பச்சி நான்தான் என்று சத்தியம் செய்தவள். இப்போது கேட்டது சத்தியம்கூட இல்லை, ஒரு சொல். எழுந்து போயிருக்கலாம். ஓம், என்ட அம்மா என்று சொல்லியிருந்தால் வானம் இடிந்து விழுந்திருக்காது. இரண்டு நாள் சிரித்துவிட்டு மறந்திருப்பார்கள். பாவி மகள், தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னாள்:

"இல்ல. அப்பிடி ஆரும் இல்லையெண்டு சொல்லுங்க, அண்ணன்."

நல்லரத்தினம் திரும்பிப் போனார். சன்னலுக்குள்ளால் அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். வாச்சர் கையை விரித்து ஏதோ சொன்னார். தாய் திரும்பவும் ஏதோ கேட்டாள், அவர் திரும்பவும் தலையை ஆட்டினார். இரத்தினம்மா நிமிர்ந்து நேரே அந்தச் சன்னலைப் பார்த்தாள். பிறகு சேலைத் தலைப்பை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு, பையை வாச்சரின் கையில் திணித்துவிட்டு, பஸ் தரிப்பிடத்தை நோக்கி விறுவிறென்று நடந்தாள். அழுதுகொண்டு போகிறாள் என்று மகளுக்குப் பட்டது.

பையில் வறுத்த கச்சான் இருந்தது. இங்கே இருக்கிற ரீச்சர்மாருக்குக் கொடுக்கட்டாம் என்று வாச்சர் மேசையில் கொட்டினார். எல்லோரும் உடைத்துத் தின்றார்கள், நல்ல பதத்தில் வறுத்திருக்கிறா என்றார்கள். தின்னாமல் இருந்தால் யாராவது ஏன் என்று கேட்பார்களே என்று பிரஷாந்தியும் ஒரு கை அள்ளினாள்.

அன்று பின்னேரம் அவள்தான் தாய்க்குப் போன் எடுத்தாள். மன்னிச்சுக்கொள்ளுங்க அம்மா என்று சொல்லத்தான் எடுத்தாள்.

"அம்மா, நீங்க இண்டைக்கு இஞ்சால வந்தீங்களா?"

"நானா? நான் எங்க வந்த? ஒரு இடமும் போகல்ல," என்றாள் இரத்தினம்மா. குரல் தெளிவாக, சொல்லப்போனால் கொஞ்சம் உசாராகவே இருந்தது. "நீங்க சுகமா இரிக்கிறீங்கதானே? அது போதும்."

வராத ஆளிடம் என்னத்துக்கு மன்னிப்புக் கேட்பது? தாய் வலியை மறைக்கிறாள், அல்லது குத்திக் காட்டுகிறாள் என்று இரண்டு விதமாகவும் யோசித்தாள். நேரே போய்க் காலில் விழுந்துவிடுவோம் என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் நினைத்தாள். ஒரு சனிக்கிழமை பரீட்சைத் தாள் திருத்தல், ஒரு சனிக்கிழமை மழை, இன்னொன்றில் சும்மா பயம். இப்படியே மாரி கழிந்தது.

தை பிறந்த பிறகு ஒரு விடியற்காலை ஆச்சிப்பிள்ளையின் மகன் போன் எடுத்தான். இரத்தினம்மா கிணற்றடியில் விழுந்து கிடந்தாளாம். தூக்கும்போதே உயிர் இல்லையாம்.

செத்த வீட்டில் பெண்கள் சுற்றி இருந்து ஒப்பாரி வைத்தார்கள். கனகசூரியத்தின் பேர் வந்தது, செத்த மூன்று பிள்ளைகளின் பேரும் வந்தது. இருக்கிற ஒரே மகளின் பேர் மட்டும் எவள் வாயிலிருந்தும் வரவில்லை. பழைய பேரும் வரவில்லை, புதுப் பேரும் வரவில்லை. தாயின் கால்மாட்டில் இருந்து பிரஷாந்தி அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். கேற்றடியில் நடந்தது ஊருக்குத் தெரிந்துவிட்டது, எல்லோரும் சேர்ந்து தன்னை ஒதுக்குகிறார்கள் என்று நினைத்தாள். ஒதுக்கட்டும், அதுவும் காணாது என்றும் நினைத்தாள்.

எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு அடுப்படியில் ஆச்சிப்பிள்ளை அவளுக்குச் சோறு போட்டாள். அவள் தொடவில்லை.

"ஏன் மாமி என்ட பேர ஒருத்தரும் சொல்லல்ல?"

ஆச்சிப்பிள்ளை வாசல் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "எப்பிடிச் சொல்ற? கொம்மா எங்க எல்லாரிட்டயும் சத்தியம் வாங்கி வெச்சிரிக்கிறாவே. நான் செத்தாலும் இவள்ட பேர் இந்த வளவுக்குள்ள வரப்படாது எண்டு. செத்த வீட்டுக்கு எமன் வருவான், நிண்டு கேப்பான், ஆருடி மகள், என்ன பேர் எண்டு. அதுக்குத்தான்."

"அப்ப என்னோட கோவம் இல்லையா?"

"என்ன கோவம்? பயம், புள்ள. குப்பச்சி எண்ட பேர நீ கழட்டிப்போட்டாய், புதுப் பேர் உன்ட பேர்தான் எண்டு தன்ட வாயால அவன் அறியக்கூடாது எண்டு அந்த மனிசி உன்ன ஆரோ மாதிரி வெச்சிருந்தா. கோயில்ல அப்பிடிச் சொல்லிட்டு வந்து இஞ்ச இருந்து எப்பிடி அழுதா தெரியுமா? நீ போனும் எடுக்கல்ல. உனக்கு என்னமோ நடந்துபோச்சுதெண்டு ரெண்டு நாளாச் சோறு தின்னல்ல. மறுகாத்தான் உன்ட பள்ளிக்கூடத்துக்கு வந்தவ."

"தெரியும்."

"உனக்குத் தெரியாம இரிக்குமா? வந்து சொல்லிச் சொல்லிச் சிரிச்சாவே." ஆச்சிப்பிள்ளையின் முகம் அன்றைக்கு முதல் தடவையாக மலர்ந்தது. "'ஆச்சி, நான் போய் குப்பச்சி இரிக்கிறாளா எண்டு கேட்டன். ஆள் இல்லையெண்டுட்டாங்க. அவள் சன்னல்ல நிண்டு என்னைக் கண்டவள். கண்டும் அசையல்ல. என்ட மகள் கெட்டிக்காரி கா, விளங்கிக்கொண்டாள். பெத்தவள் நான் கேட்டே இல்லையெண்டவங்க, அவன் வந்து கேட்டா மட்டும் காட்டிக் குடுப்பாங்களா' எண்டு கொம்மா சொன்னா. சிரிப்ப அடக்க ஏலாம வாயப் பொத்திக்கொண்டு வந்தாவாம். மறுகாதான் கொம்மா நிம்மதியாப் படுத்தவ. நீங்க ரெண்டு பேரும் பேசி வெச்சுத்தானே செய்த?"

பிரஷாந்தி சோற்றுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். வெட்கத்தால் செய்ததை அந்த மனிசி கெட்டித்தனம் என்று எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். ஏச்சு வாங்கியிருந்தால் தாங்கியிருப்பாள், சாபம் என்றாலும் தாங்கியிருப்பாள். இந்த மெச்சலை எங்கே கொண்டுபோய் வைப்பது?

"ஓம் மாமி," என்றாள். "பேசி வெச்சுத்தான் செய்த."

மூன்றாம் நாள் சுபாகரன் மோட்டார் சைக்கிளில் அவளைப் பதிவாளரிடம் கூட்டிக்கொண்டு போனான். மரணத்தைப் பதிய வேண்டும். பதிவாளர் வயதானவர், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். இறந்தவரின் பேர், வயது, எங்கே, எப்போது.

"தகவல் தாற நீங்க அவவுக்கு என்ன முறை?"

"மகள்."

"பேர்?"

"குப்பச்சி," என்றாள். யோசித்துச் சொல்லவில்லை, தானாக வந்தது. அந்தப் பேரைத் தன் வாயால் சொல்லி எவ்வளவு காலம். சொன்னதும் கண்ணீர் அதுபாட்டுக்கு ஓடியது.

பதிவாளர் எழுதப் போய் நிறுத்தினார். மேசையில் இருந்த அடையாள அட்டையை எடுத்துக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். "இதில பிரஷாந்தி எண்டுதானே இரிக்கி. குப்பச்சி ஆரு?"

அவளுடைய கைப்பையில் சத்தியக் கடதாசியின் பிரதி இருந்தது. பேர் மாற்றிய நாளிலிருந்து போகிற இடமெல்லாம் கொண்டு திரிந்த பழக்கம். இரண்டும் ஒரே ஆள்தான் என்று அதில் தாயே கையெழுத்து வைத்திருக்கிறாள். எடுத்து நீட்டினால் முடிந்தது. கை பையின் வாய்வரை போனது.

வெளியே வேலியோரம் நாலைந்து பேர் தங்கள் முறைக்குக் காத்து நின்றார்கள். யாரென்று அவளுக்குத் தெரியாத ஆட்கள். தாய் மெச்சிச் சிரித்தது நினைவில் வந்தது, அவள் கையை எடுத்துவிட்டாள்.

"அப்பிடி ஆரும் இல்ல, சேர்," என்றாள். "பிரஷாந்தி எண்டு எழுதுங்க."

அவர் எழுதினார். காட்டிய இடத்தில் அவள் கையெழுத்து வைத்தாள்.